விண்கலங்கள் அனுப்பும் படங்களை நேரடியாக எடுத்துப் பார்ப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாயில் ரோவர் நேற்று எடுத்த படத்தை இன்றைக்கே உங்கள் போனில் பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பைசா செலவில்லை. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் அது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறோம். வந்து சேர்வதோ பாதி நேரம் யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த படம்.

மூலப் படங்கள் இருக்கும் தளங்கள் ஆராய்ச்சியாளர்களுக்காகக் கட்டப்பட்டவை. உள்ளே போனால் சுருக்கெழுத்துகள், வாயில் நுழையாத கோப்புப் பெயர்கள், திறக்க மறுக்கும் கோப்புகள். வழி சொல்ல ஆளில்லாமல் முட்டி மோதித்தான் நான் கற்றேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். எடுத்த எடுப்பிலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவைத் திறக்கப் போனால் வெறுத்துவிடும். செவ்வாயில் தொடங்குங்கள், சூரியனைப் பாருங்கள், பிறகு வெப், அப்புறம் சந்திரயான்.

1. செலவும் தேவைகளும்

செவ்வாய்க்கும் சூரியனுக்கும் போன் போதும். வெப், சந்திரயான் இரண்டுக்கும் கம்ப்யூட்டர் கட்டாயம். 8 ஜிபி ராம் இருந்தால் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. ஹார்டு டிஸ்கில் ஐம்பது ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான செலவு இணையத்தில்தான். ரோவர் படம் ஒன்று ஓரிரண்டு எம்பிதான் இருக்கும். வெப் கோப்பு ஒன்று சில நூறு எம்பியில் தொடங்கிச் சில ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜை வைத்துக்கொண்டு போன் ஹாட்ஸ்பாட்டில் இதை இறக்க முயன்றால் முக்கால்வாசியில் நின்றுவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர் யாரிடமாவது பென்டிரைவோடு போவது உத்தமம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிஎஸ்9, ஃபிட்ஸ் லிபரேட்டர், சிரில், ஜிம்ப், கியூஜிஐஎஸ், ஹியூகின் எல்லாம் இலவசம். போட்டோஷாப் சந்தா வேண்டாம். சில நூறு யூரோ விலையுள்ள பிக்ஸ்இன்சைட்டும் இப்போதைக்கு வேண்டாம். 'நாசா ஒரிஜினல் எச்டி படங்கள்' என்று பணம் கேட்கும் ஆப்களைப் பார்த்தால் அப்படியே மூடிவிடுங்கள், அவை விற்பது இலவசப் படங்களைத்தான்.

ஆவணம் என்று பார்த்தால் நாசாவின் பொதுப் படங்களுக்குக் கணக்குகூடத் தொடங்க வேண்டியதில்லை. இஸ்ரோவின் தரவுத் தளத்துக்கு மட்டும் பதிவு செய்ய வேண்டும். அதை 6ஆம் படியில் சொல்கிறேன், ஆனால் பதிவை மட்டும் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

2. கடிகாரக் கணக்கு

விண்வெளி அறிவிப்புகள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்திலோ அமெரிக்க நேரத்திலோதான் வரும். யுடிசியோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். எட்டு மணி நேரம் கூட்டினால் சிங்கப்பூர், மலேசியா. இதில் குழப்பமே இல்லை.

அமெரிக்கக் கிழக்குக்கரை நேரத்தில்தான் சறுக்கும். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் ஒன்பதரை மணி நேரம் கூட்ட வேண்டும், மற்ற மாதங்களில் பத்தரை. வெப்பின் முதல் படங்கள் 2022 ஜூலை 12 அன்று அங்கே காலை 10:30க்கு வெளிவந்தன, நமக்கு அது இரவு 8 மணி. பெர்சிவரன்ஸ் ரோவர் 2021 பிப்ரவரி 18 வியாழன் அன்று அங்கே பிற்பகல் 3:55க்குச் செவ்வாயில் இறங்கியது. இங்கே அப்போது வெள்ளி அதிகாலை 2:25. தேதியே மாறிவிடுவதைக் கவனிக்காமல் அலாரம் வைத்தால் ஒருநாள் முன்னதாகவே எழுந்திருப்பீர்கள்.

ராக்கெட் ஏவும் தேதிக்கு முன்னால் 'என்இடி' என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் நடக்காது என்பது மட்டும்தான் பொருள். அன்றைக்கே நடக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அதை நம்பி லீவு போடாதீர்கள். நேரலை தொடங்கும் நேரமும் ராக்கெட் கிளம்பும் நேரமும்கூட வேறு வேறு.

கடிகாரத்தோடு சேர்த்து ஒரு பக்கத்தை உலாவியில் குறித்து வையுங்கள். டிஎஸ்என் நவ் என்று தேடினால் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் உள்ள நாசாவின் பெரிய ஆண்டெனாக்கள் இந்த நிமிடம் எந்த விண்கலத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன என்று அது காட்டும். தொலைதூர விண்கலமான வாயேஜர் 1 வந்தால் அந்த ஆண்டெனாவைச் சொடுக்கிப் பாருங்கள். சிக்னல் போய்த் திரும்ப ஆகும் நேரம் எழுதியிருக்கும், ஒரு வழி வரவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இதில் இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

3. செவ்வாயில் தொடங்குங்கள்

தேடுபெட்டியில் பெர்சிவரன்ஸ் ரா இமேஜஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாசாவின் அதிகாரபூர்வப் பக்கம் வரும். கியூரியாசிட்டிக்கும் இதேபோல் ஒன்று உண்டு. பெர்சிவரன்ஸ் இருப்பது ஜெசெரோ பள்ளத்தில், 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி இருப்பது கேல் பள்ளத்தில். புதியவர்களுக்கு நான் சொல்வது பெர்சிவரன்ஸ். அதன் கேமராக்கள் புதியவை, பெரும்பாலான படங்கள் வண்ணத்திலேயே வருகின்றன.

பக்கத்தைத் திறந்ததும் ஆயிரக்கணக்கில் படங்கள் கொட்டும். பாதிக்கு மேல் சக்கரமும் நிழலும் மணலும்தான். மிரளாமல் ஓரத்தில் உள்ள கேமராப் பட்டியலில் மாஸ்ட்கேம்-இசட் மட்டும் தேர்ந்தெடுங்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கும் வண்ணக் கேமரா இரட்டை அது. நிலக்காட்சி எல்லாம் அதில்தான். வழிப்படம் வேண்டுமென்றால் நாவ்கேம்.

அடுத்தது சோல். செவ்வாயின் ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம் 35 விநாடி, அதைத்தான் சோல் என்கிறார்கள். ரோவர் இறங்கிய நாளிலிருந்து சோல் எண்ணப்படுகிறது. நம் தேதியை வைத்துத் தேடுவதைவிட சோல் எண்ணை வைத்துத் தேடுவது சுலபம்.

இனி கோப்புப் பெயர். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் முதல் மூன்று துண்டுகளைப் படித்தால் போதும். 'இசட்எல்0', கீழ்க்கோடு, '0001', கீழ்க்கோடு, பிறகு பத்து இலக்க எண் ஒன்று என்று பெயர் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இசட் என்றால் மாஸ்ட்கேம்-இசட். எல் என்றால் இடது கண், அந்த இடத்தில் ஆர் இருந்தால் வலது கண். 0 என்பது ஃபில்டர் (ஒளியை வடிகட்டும் கண்ணாடி) எண், 0 என்றால் வழக்கமான வண்ணப் படம். அந்த இடத்தில் வேறு எண் இருந்தால் குறுகிய அலைநீளத்தில் எடுத்த அறிவியல் படம், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். 0001 சோல் எண். பத்து இலக்கம் விண்கலக் கடிகாரத்தின் விநாடிக் கணக்கு. ஒரே காட்சியை அடுத்தடுத்து எடுத்த படங்களை வரிசைப்படுத்த இந்த எண்தான் கைகொடுக்கும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, சின்ன மாதிரிப் படம். ரோவரிலிருந்து நேரே பூமிக்குப் படம் வருவது அபூர்வம். மேலே சுற்றும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர், ஐரோப்பாவின் ட்ரேஸ் கேஸ் ஆர்பிட்டர் போன்றவை வாங்கி அனுப்புகின்றன. அவை தலைக்கு மேல் கடக்கும் நேரம் குறைவு என்பதால் பல சமயம் முதலில் சின்ன வடிவம்தான் வரும், முழு அளவு அடுத்த நாளோ அடுத்த வாரமோ வந்து சேரும். படம் தெளிவில்லை என்று சலித்துக்கொள்ளாமல் இரண்டு நாள் கழித்து அதே சோலைத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது, கட்டம் கட்டமாகத் தெரியும் சாம்பல் படம். கியூரியாசிட்டி பக்கத்தில் இது அதிகம். கேமரா பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டும்தான் பதிவு செய்யும். அதை வண்ணமாகப் பிரிப்பதற்கு முன்பே தளத்தில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். சிரிலில் டிபேயர் என்ற வசதி உண்டு. ஆனால் தொடக்கத்தில் இதில் மெனக்கெட வேண்டாம், பக்கத்திலேயே வண்ணப் படம் இருக்கும்.

மூன்றாவது நிறம். கச்சாப் படத்தில் தெரியும் நிறம்தான் செவ்வாயின் உண்மை நிறம் என்று எழுதிவிடாதீர்கள். அது திருத்தப்படாத நிறம். அதே சமயம் ஜிம்ப்பில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டால் செவ்வாய் வானம் ஊட்டி வானம் மாதிரி நீலமாகிவிடும். அங்கே பகல் வானம் மங்கிய பழுப்பு மஞ்சள். சூரியன் மறையும்போது மட்டும் அதைச் சுற்றி நீலம் படரும், காற்றில் மிதக்கும் நுண்தூசி செய்யும் வேலை அது.

பழகுவதற்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒரே காட்சியின் இடது, வலது படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப்பில் இடதுபடத்தைச் சிவப்பு சானலிலும் வலதுபடத்தைப் பச்சை, நீல சானல்களிலும் வையுங்கள். சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பாறை எழுந்து நிற்கும். மாஸ்ட்கேம்-இசட்டின் இரண்டு கண்களுக்கும் இடையே 24 சென்டிமீட்டர் இடைவெளி, நம் கண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். அதனால் மேடுபள்ளம் இருப்பதைவிடக் கூடுதலாகவே தெரியும். படங்களை ஒட்டிப் பரந்த காட்சியாக்க ஹியூகின் போதும்.

இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் படங்களும் இதே பக்கத்தில்தான் இருக்கின்றன. 72 முறை பறந்து 2024 ஜனவரியில் ஓய்ந்தது. தரையில் அதன் நிழல் விழும் கறுப்புவெள்ளைப் படங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தால் நாமே பறப்பது போல இருக்கும்.

4. சூரியன்: பத்து நிமிட வேலை

இது சுலபமான படி. 2010இல் ஏவப்பட்ட, சூரியனைக் கண்காணிக்கும் எஸ்டிஓ விண்கலத்தின் பக்கத்துக்குப் போனால் சூரியனின் அண்மைப் படங்கள் பத்துக்கும் மேற்பட்ட சதுரங்களில் இருக்கும். தங்க நிறம், சிவப்பு, பச்சை எல்லாம் அடையாளத்துக்காகப் பூசியவை. கண்ணுக்கே தெரியாத புறஊதா அலைநீளங்களில் எடுத்த படங்கள் அவை. பழைய நாள் ஒன்றின் படமோ வீடியோவோ வேண்டுமென்றால் ஹீலியோவியூவர் தளம்.

சூரியனைக் கவனிக்கும் இன்னொரு விண்கலமான சோஹோவின் லாஸ்கோ என்ற கருவி எடுக்கும் படங்களில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். நடுவில் ஒரு தட்டு சூரியனை மறைத்துக்கொள்ள, சுற்றியுள்ள ஒளிவட்டத்தைக் காட்டும் படங்கள் அவை. சூரியனை உரசிப் போகும் வால்நட்சத்திரங்களை இவற்றில் தேடிப் பிடிப்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. 2024 மார்ச்சில் எண்ணிக்கை 5,000ஐத் தொட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம்மைப் போன்ற ஆர்வலர்கள் வீட்டிலிருந்தே கண்டுபிடித்தவை.

மே மாதம் மட்டும் தவறவிடாதீர்கள். இங்கே கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் சூரியன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் கடந்து போகிறது. வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை. லாஸ்கோவின் அகன்ற பார்வைக் கேமராவான சி3இன் படத்தில் மே மூன்றாவது வார வாக்கில் பாருங்கள், கார்த்திகைக் கூட்டம் தெளிவாக ஊர்ந்து போகும்.

பொறி ஒன்றுதான். படத்தில் இருபுறமும் கோடு நீட்டிய பளபளப்பான பொருள் தெரிந்தால் அது பறக்கும் தட்டு இல்லை. வெள்ளி, வியாழன் போன்ற கிரகம். ஒளி அதிகமாகி சென்சாரில் வழிந்ததால் வந்த கோடு. இதை வைத்து யூடியூபில் வருஷா வருஷம் யாராவது பிழைக்கிறார்கள்.

5. வெப் தொலைநோக்கி: பொறுமையாகச் செய்ய வேண்டியது

வெப்பின் தரவெல்லாம் மாஸ்ட் என்ற காப்பகத்தில் இருக்கிறது. பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. உள்ளே நுழைய உள்நுழைவுப் பெயர் வேண்டாம். ஆனால் எல்லாமே உடனே கிடைக்காது. ஒரு ஆராய்ச்சிக் குழு கேட்டு வாங்கிய நேரத்தில் எடுத்த தரவு வழக்கமாக 12 மாதம் அவர்களுக்கு மட்டும் உரியது. தேடலில் பூட்டுப் படத்தோடு வந்தால் அந்தக் காலம் முடியவில்லை என்று அர்த்தம். பக்கத்திலேயே வெளியாகும் தேதி இருக்கும், காலண்டரில் குறித்துக்கொண்டு வேறு கோப்புக்குப் போங்கள். சில திட்டங்களின் தரவு முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் திறந்திருக்கும்.

முதல் பயிற்சிக்கு என்ஜிசி 3132ஐ எடுங்கள், தென் வளைய நெபுலா என்ற வாயு மேகம் அது. 2022 ஜூலையில் வந்த முதல் படங்களில் ஒன்று, திட்ட எண் 2733. அதே நாளில் வந்த கரீனா நெபுலாவின் மலைமுகட்டுப் படம் அழகில் இதைத் தூக்கிச் சாப்பிடும், எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் அதன் கோப்புகள் பூதம். 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் அதைத் திறக்கும்போது அப்படியே உறைந்துவிடும். கரீனாவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தேடும் முறை இது. மாஸ்ட்டில் விரிவான தேடலைத் திறந்து, மிஷனில் ஜேடபிள்யூஎஸ்டி, கருவியில் நிர்கேம் (வெப்பின் அகச்சிவப்புக் கேமரா), தரவு வகையில் இமேஜ், திட்ட எண்ணில் 2733, அளவுத்திருத்த நிலையில் 3 என்று கொடுங்கள். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான துண்டுக் கோப்புகள் வந்து விழும். நிலை 3 என்றால் துண்டுகளையெல்லாம் ஒட்டி, சுத்தம் செய்து முடித்த படம். கோப்பின் பெயர் 'ஐ2டி.ஃபிட்ஸ்' என்று முடிய வேண்டும், ஃபிட்ஸ் என்பது வானியல் படங்களுக்கான கோப்பு வகை. 'அன்கால்', 'ரேட்', 'கால்' என்று முடிவதெல்லாம் இடைநிலைச் சரக்கு, இறக்கினால் டேட்டாதான் போகும்.

ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு கோப்பு. எஃப்090டபிள்யூ என்றால் 0.90 மைக்ரான். எஃப்212என் என்றால் 2.12 மைக்ரான். எஃப்356டபிள்யூ என்றால் 3.56 மைக்ரான். கடைசி எழுத்து டபிள்யூ ஆனால் அகன்ற பட்டை, எம் நடுத்தரம், என் குறுகலானது. இந்த மூன்றை மட்டும் இறக்குங்கள். இவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால், குறைந்த அலைநீளத்துக்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு என்று நாம்தான் கொடுக்க வேண்டும். நாசாவின் படக்கலைஞர்கள் செய்வதும் அடிப்படையில் இதையேதான். எஃப்212என்னில் தெரியும் சரிகைபோன்ற ஓரங்கள் ஹைட்ரஜன் மூலக்கூறுகள்.

கோப்பை டிஎஸ்9இல் திறந்ததும் முழுக் கறுப்பாக இருக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. மிக மங்கலான வாயுவும் கண்கூசும் நட்சத்திரங்களும் ஒரே அளவுகோலில் இருப்பதால் அப்படித் தெரிகிறது. ஸ்கேல் மெனுவில் லாக் தேர்ந்தெடுங்கள், பிறகு இசட்ஸ்கேல் என்பதையும் போட்டுப் பாருங்கள். கறுப்புத் திரைக்குள்ளிருந்து நெபுலா எழுந்து வரும். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

வண்ணத்துக்கு ஃப்ரேம் மெனுவில் ஆர்ஜிபி ஃப்ரேம் ஒன்றைத் திறந்து, சிவப்பில் 356, பச்சையில் 212, நீலத்தில் 090 என்று ஏற்றுங்கள். எந்தப் பிக்சல் வானில் எந்த இடம் என்ற விலாசம் ஃபிட்ஸ் கோப்புக்குள்ளேயே எழுதியிருப்பதால் டிஎஸ்9 மூன்றையும் தானாகவே பொருத்திவிடும்.

டிஎஸ்9இல் ஒரு குறை. படத்தைச் சேமித்தால் திரையில் தெரியும் அளவுக்குத்தான் சேமிக்கும். முழு அளவு வேண்டுமென்றால் ஃபிட்ஸ் லிபரேட்டரில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, 16 பிட் டிஃப் கோப்பாக மாற்றி, ஜிம்ப்பில் மூன்றையும் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிர்கேமுக்கு இரண்டு சானல்கள். குறுகிய அலைநீளத்தில் ஒரு பிக்சல் 0.031 வில்விநாடி (வானில் கோணத்தை அளக்கும் அலகு), நீண்டதில் 0.063. அதாவது 356 படம் மற்ற இரண்டைவிடப் பாதி அளவுதான் இருக்கும். அதை ஏறக்குறைய இருமடங்கு பெரிதாக்கி, நான்கைந்து நட்சத்திரங்களை அடையாளமாக வைத்து நகர்த்திப் பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் சிவப்பு நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பிரகாசமான நட்சத்திரங்களின் நடுவில் கறுப்பு ஓட்டை தெரியும். சென்சார் நிரம்பி வழிந்ததால் அங்கே தரவு இல்லை. சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம், அதிகாரபூர்வப் படங்களிலும் நிரப்பித்தான் வைத்திருக்கிறார்கள். நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள முட்களை மட்டும் அழிக்காதீர்கள். பெரிதாக ஆறு, சிறிதாக இரண்டு. அது வெப்பின் கையெழுத்து, ஹப்பிளுக்கு நான்கு.

முதல் படம் முடிக்க ஒரு விடுமுறை நாள் முழுவதும் ஒதுக்குங்கள். இரண்டாவது படத்துக்கு அவ்வளவு பிடிக்காது.

6. சந்திரயான்: பிரதான் தளம்

இஸ்ரோவின் கோள் தரவுகள் பெங்களூருக்கு வெளியே பயலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தில் சேமிக்கப்படுகின்றன. வெளியாருக்கான வாசல் பிரதான் தளம். இதற்குத்தான் பதிவு தேவை. பதிவு செய்ய உடனடியாகத் திறந்து பார்க்கக்கூடிய மின்னஞ்சலைக் கொடுங்கள். உறுதிசெய்யும் மடல் ஸ்பாம் பெட்டியில் கிடக்கலாம், அங்கேயும் பாருங்கள். என்ன காரணத்துக்காகத் தரவு என்று கேட்டால் தனிப்பட்ட ஆர்வம், கல்வி என்று உள்ளதை எழுதினால் போதும்.

உள்ளே போனதும் சந்திரயான்-2இன் ஓஎச்ஆர்சி கேமராவைத் தேடுங்கள். 2019இல் ஏவப்பட்டு இன்றும் நிலவைச் சுற்றும் ஆர்பிட்டரில் உள்ள கேமரா அது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சலுக்கு 25 சென்டிமீட்டர். ஒரு படத்தின் அகலம் 12,000 பிக்சல், அதாவது தரையில் 3 கிலோமீட்டர். நீளம் இன்னும் அதிகம். ஆகவே முழுக் கோப்பை இறக்குவதற்கு முன் சின்ன முன்னோட்டப் படத்தைப் பார்த்து இதுதான் வேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். முன்னோட்டத்தில் பாதி நிழல் என்றால் முழுப் படத்திலும் பாதி நிழல்தான்.

கோப்பு ஜிப்பாக வரும். பிரித்தால் எக்ஸ்எம்எல் ஒன்றும் ஐஎம்ஜி ஒன்றும் இருக்கும். ஐஎம்ஜியில் படம், எக்ஸ்எம்எல்லில் அதைப் படிக்கும் விவரம். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. திறக்க வேண்டியது எக்ஸ்எம்எல்லைத்தான், அதுவும் கியூஜிஐஎஸ்ஸில். போட்டோ பார்க்கும் ஆப்பில் ஐஎம்ஜியைத் திறந்து பார்த்துவிட்டு, தளம் சரியில்லை என்று திட்டுபவர்கள் உண்டு.

சந்திரயான்-3 இறங்கிய இடத்தைப் பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தின் குவிக்மேப் தளத்தில் தெற்கு 69.37 பாகை, கிழக்கு 32.32 பாகை என்று கொடுத்தால் அங்கே கொண்டுபோய் நிறுத்தும். பதிவும் வேண்டாம். தேடும்போது தெற்குக்குக் கழித்தல் குறி போட மறந்தால் வடக்கே போய் நிற்பீர்கள்.

7. ஃபார்வர்டில் வந்த படம் உண்மையா?

ஒவ்வொரு தீபாவளிக்கும் 'நாசா எடுத்த இந்தியா' என்று நீலம், பச்சை, சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு படம் வருமே, அது தீபாவளி இரவே அல்ல. அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் பல வருட இரவுப் படங்களை அடுக்கி, எந்த ஊரில் எப்போது விளக்கு கூடியது என்று காட்ட நிறம் பூசியது. நாசாவே 2012இல் விளக்கம் எழுதியது. ஃபார்வர்டு நின்றபாடில்லை.

சோதிப்பது எளிது. கிரகங்களின் அதிகாரபூர்வப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு 'பிஐஏ' என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணைத் தேடினால் மூலப் பக்கம் வரும். எண் இல்லையா, கூகுள் லென்ஸில் படத்தைத் தேடுங்கள். எந்த விண்கலம், எந்தக் கருவி, எந்தத் தேதி என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் பகிராதீர்கள்.

8. நீங்கள் செய்த படத்தை வெளியிடும் முன்

நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. ஆனால் நாசாவின் சின்னத்தை உங்கள் டீ-ஷர்ட்டில் அச்சடிக்கக் கூடாது, நாசா பரிந்துரைப்பது போல விளம்பரமும் செய்யக் கூடாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் படங்களில் பலவற்றை, பெயர் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் தருகிறார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அது எழுதியிருக்கும். இஸ்ரோ தரவுக்குப் பிரதானில் உள்ள விதிமுறையைப் படித்து, அவர்கள் கேட்கும் நன்றிக்குறிப்பைச் சேருங்கள். விற்பனைக்கு என்றால் மூன்று இடத்திலும் விதிமுறையை முழுதாகப் படித்துவிட்டே இறங்குங்கள்.

பலர் மாட்டுவது அன்றாட வானியல் படம் என்ற நாசா பக்கத்தில். 1995 ஜூன் முதல் தினம் ஒரு படம் போடுகிறார்கள். நாசா தளத்தில் இருப்பதால் எல்லாம் இலவசம் என்று எடுத்துப் போடுகிறார்கள். அங்கே வரும் படங்களில் ஏராளமானவை தனிப்பட்ட வானியல் படப்பிடிப்பாளர்களுடையவை, உரிமை அவர்களுடையது. கீழே பெயரோடு காப்புரிமை என்று இருந்தால் அனுமதி கேட்டு மடல் எழுதுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

நன்றிக்குறிப்பை மொழிபெயர்க்காமல் மூலப் பக்கத்தில் இருப்பதை அப்படியே நகலெடுங்கள். அதன்பின் படச் செயலாக்கம் என்று உங்கள் பெயர். அடுத்த வரியில் எந்த ஃபில்டருக்கு எந்த நிறம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இதை எழுதாமல் போடப்படும் வெப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், எதைப் பார்க்கிறோம் என்றே புரியாது.

9. படம் வராத நாட்கள்

சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்துவிடும். அப்போது ஏறக்குறைய இரண்டு வாரம் ரோவர்களுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள், புதிய படம் ஏறக்குறைய இருக்காது. வெப் எந்நேரமும் சூரியனுக்கு முதுகு காட்டியபடி இருக்க வேண்டும் என்பதால் வானின் பெரும்பாலான பகுதிகளை வருடத்தில் சில மாதங்கள்தான் அதனால் பார்க்க முடியும். ஓரியன் படம் ஏன் இன்னும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அமெரிக்க அரசின் நிதி ஒதுக்கீடு தடைபட்டு அலுவலகங்கள் மூடும்போது விண்கலங்கள் வேலை செய்துகொண்டே இருக்கும், தளங்கள் மட்டும் புதுப்பிக்கப்படாமல் கிடக்கலாம்.

படம் நின்றுவிட்டதாகத் தோன்றினால் முதலில் டிஎஸ்என் நவ் பக்கத்தைத் திறந்து ஓரிரு நாள் கவனியுங்கள். விண்கலத்தின் பெயர் ஏதாவது ஓர் ஆண்டெனாவில் வந்து போனால் தாமதம் தளத்தில்தான். அடுத்த வாரம் மொத்தமாக வந்து சேரும்.